முடிந்தும் முடங்கிய ஆட்டம்: ஸ்டார் ஃபாக்ஸ் 2

2017 செப்டம்பர் 29 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. 1990களில் வீட்டுக் கூடங்களை ஆண்ட சூப்பர் நிண்டெண்டோ கருவியின் சிறிய வடிவம் அது, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே 21 விளையாட்டுகள். அவற்றில் இருபது, பழைய ரசிகர்கள் மனப்பாடமாக அறிந்தவை. இருபத்தொன்றாவது ஆட்டம் அதுவரை உலகின் எந்தக் கடையிலும் விற்கப்படாதது. 'ஸ்டார் ஃபாக்ஸ்' ஆட்டத்தின் முதல் கட்டத்தை வென்றால்தான் அது திறக்கும். அதன் பெயர் 'ஸ்டார் ஃபாக்ஸ் 2'. ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடித்து, பிழை திருத்தி, வெளியிடத் தயாரான நிலையில் நிறுத்தப்பட்ட ஆட்டம் அது.

வீடியோ கேம் உலகில் பாதியில் நின்றுபோன ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 'ரெசிடென்ட் ஈவில்' தொடரின் இரண்டாம் பாகம் பெருமளவு உருவான பிறகு, சுவையாக இல்லை என்று தயாரிப்பாளர் ஷின்ஜி மிகாமி முடிவெடுக்க, அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். அப்படிப் பிறந்த ஆட்டம் 1998இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. நிண்டெண்டோ 64 கருவிக்காகப் பல ஆண்டுகள் உழைத்த 'மதர் 3' ஆட்டத்தை 2000ஆம் ஆண்டில் கைவிட்டார்கள். 2006இல் அது வேறொரு கருவியில் வேறு உருவத்தில் வந்தது. 'சைலன்ட் ஹில்ஸ்' 2015இல் நின்றது. 'பி.டி.' என்ற அதன் முன்னோட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் ஒரு குறை இருந்தது, அல்லது வேலை பாக்கி இருந்தது, அல்லது ஆட்கள் பிரிந்தார்கள். ஸ்டார் ஃபாக்ஸ் 2க்கு அப்படி எதுவும் நேரவில்லை. முடிந்த வேலையை ஒரு நிறுவனம் ஏன் பெட்டிக்குள் பூட்டியது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேட ஜப்பானின் கியோட்டோ நகருக்குப் போக வேண்டும்.

கியோட்டோவில் நிண்டெண்டோ அலுவலகத்திலிருந்து அதிக தூரமில்லாத ஃபுஷிமி இனாரி கோயிலில், செந்நிற மர வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப்பாதையில் ஏறிக்கொண்டே போகும். அங்கே நரி, தெய்வத்தின் தூதுவன். அந்த வளைவுகளுக்குள் புகுந்து பறக்கும் கப்பலையும் அதை ஓட்டும் நரியையும் ஷிகெரு மியாமோட்டோ அங்கிருந்துதான் எடுத்தார். 'மரியோ'வையும் 'செல்டா'வையும் உருவாக்கியவர் அவர். ஆனால் ஸ்டார் ஃபாக்ஸ் முழுக்கவும் கியோட்டோவின் பிள்ளை அல்ல. அதன் மற்றப் பாதி லண்டனிலிருந்து வந்தது.

லண்டனில் ஜெஸ் சான் நடத்திய ஆர்கோனாட் சாஃப்ட்வேர் சின்ன நிறுவனம். கணினித் திரையில் முப்பரிமாணக் காட்சி வரைவதில் அந்த இளைஞர்களுக்கு அபாரமான பிடி இருந்தது. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயில் முப்பரிமாணக் கோட்டுருவங்களை ஓடவிட்டு, அதை அந்த நிறுவனத்திடமே காட்டினார்கள். அனுமதி இல்லாமல் செய்த வேலை. கோபித்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்தும் நிண்டெண்டோ அவர்களைக் கியோட்டோவுக்கு அழைத்தது. அப்படிப் போனவர்களில் ஒருவர் டிலன் கத்பர்ட், இருபது வயதுகூட நிரம்பாத நிரலாளர்.

சூப்பர் நிண்டெண்டோவின் மூளை 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. தட்டையான படங்களை அடுக்கி நகர்த்துவதில் அது கெட்டிக்கார இயந்திரம். விண்வெளியில் ஒரு கப்பலைத் திருப்பி, சாய்த்து, அருகே வரும்போது பெரிதாக்கிக் காட்டும் கணக்கோ அதன் சக்திக்கு மீறியது. ஆர்கோனாட் சொன்ன யோசனை துணிச்சலானது: கருவியைத் தொடாமல், ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இன்னொரு மூளையை வைத்துவிடலாம். நம் ஊர்ச் சிறுவர்கள் 'கேசட்' என்று சொன்ன பொருள்தான் கார்ட்ரிட்ஜ். அதற்குள் வைத்த சில்லுக்கு ஆர்கோனாட் பொறியாளர்கள் இட்ட பெயர் 'மரியோ சிப்'. சந்தையில் அது 'சூப்பர் எஃப்எக்ஸ்' என்று பெயர் பெற்றது.

1993 பிப்ரவரியில் ஜப்பானில் ஸ்டார் ஃபாக்ஸ் வந்தது. இன்று பார்த்தால் அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும் முக்கோணங்களும் சதுரங்களும்தான். அன்று அது வரவேற்பறைக்குள் நுழைந்த விண்வெளி. நரி, பறவை, முயல், தவளை என்று நான்கு விமானிகள் திரையோரத்தில் முகம் காட்டிப் பேசினார்கள். இயக்கியவர் கட்சுயா எகுச்சி; பாத்திரங்களை வரைந்தவர் தகாயா இமாமுரா. பல லட்சம் பிரதிகள் விற்றன. இரண்டாம் பாகம் வருவது உறுதியாயிற்று.

முதல் ஆட்டம் தண்டவாளத்தில் ஓடும் ரயில்போல. கப்பல் தானே முன்னே போகும். ஆடுபவர் மேலும் கீழும் இடமும் வலமும் விலகிச் சுடுவார். இரண்டாம் பாகத்தில் கத்பர்ட்டும் எகுச்சியின் குழுவும் அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்தெறிந்தார்கள். கப்பல் எந்தப் பக்கமும் திரும்பலாம். பின்னால் வரும் எதிரியைத் திரும்பி எதிர்கொள்ளலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பலுக்குக் கால்கள் முளைத்து அது நடக்கும் இயந்திரமாகும். எதிரியின் தளத்துக்குள் நடந்து போய், விசைகளை மிதித்து, கதவுகளைத் திறந்து, உள்ளிருக்கும் மையத்தைத் தகர்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஆட்டத்தின் எலும்புக்கூட்டில் இருந்தது. கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்ற வரிசை போயிற்று. திரையில் ஒரு வரைபடம். ஒரு மூலையில் காக்க வேண்டிய கோளான கார்னீரியா. எதிர்ப்பக்கம் ஆண்ட்ராஸ் என்ற பகைவன். அவன் ஏவும் ஏவுகணைகளும் போர்க்கப்பல்களும் கார்னீரியாவை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். அவன் பிடித்த கோள்களிலிருந்தும் தாக்குதல் வரும். ஆறு விமானிகளில் இருவரைத் தேர்ந்து, எதை முதலில் தடுப்பது என்று ஆடுபவரே முடிவுசெய்ய வேண்டும். ஓரிடத்தில் சண்டை நடக்கும்போதும் மற்ற இடங்களில் காலம் நிற்காது. ஒரு போர்க்கப்பலை ஆற அமர அழித்துவிட்டு வரைபடத்துக்குத் திரும்பினால், அதற்குள் இரண்டு ஏவுகணைகள் கார்னீரியாவின் வாசலில் நிற்கும். கார்னீரியாவின் சேதம் நூறு விழுக்காட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

ஒரு முழு ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் எதிரிகளின் வரவும் அமைப்பும் மாறும். குறுகிய ஆட்டம், திரும்பத் திரும்ப ஆடத் தூண்டும் மாற்றங்கள், நேர நெருக்கடியில் எடுக்கும் முடிவுகள்: 2010களில் சுயாதீனக் கலைஞர்களின் ஆட்டங்களில் பெருகிய இந்த வடிவத்தை, 1995இல் மூன்றரை மெகாஹெர்ட்ஸ் கருவிக்காக ஒரு குழு எழுதி முடித்திருந்தது. 'முதல் பாகம் விற்றதே, இன்னொன்று போடுவோம்' என்ற நினைப்பில் செய்த வேலையாக இதைக் கொள்ளவே முடியாது. தொடரின் மிகத் துணிந்த கற்பனை இதுவே. அதற்குப் பிறகு வந்த எந்த ஸ்டார் ஃபாக்ஸும் இந்த அளவுக்குத் தன்னையே கலைத்துப் போட்டுப் பார்க்கவில்லை.

புதிய விமானிகள் இருவரும் பெண்கள்: லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனத்து மியு, நாய் இனத்து ஃபே. நரியின் அணிக்கு எதிரணியான 'ஸ்டார் வுல்ஃப்' ஓநாய்க் கூட்டமும் இங்குதான் முதலில் உருவானது. 1995 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சி.இ.எஸ். மின்னணுப் பொருட்காட்சியில் ஆட்டம் பார்வையாளர் முன் வைக்கப்பட்டது. பத்திரிகைகளில் படங்கள் வந்தன. பிறகு ஓசை அடங்கியது.

அந்தச் சில மாதங்களுக்குள் உலகம் மாறியிருந்தது. 1994 நவம்பர் 22 அன்று ஜப்பானில் சேகாவின் சாட்டர்ன் கருவி வந்தது. டிசம்பர் 3 அன்று சோனியின் பிளேஸ்டேஷன். பிளேஸ்டேஷனின் மூளை 33 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடியது. முப்பரிமாணக் கணக்குக்கென்று தனிப் பகுதி அதனுள்ளேயே இருந்தது. 'ரிட்ஜ் ரேசர்' ஆட்டத்தில் கார்களின் மேல் வண்ணமும் எழுத்தும் படிந்திருந்தன. சாலை வழுக்கி ஓடியது. அதன் பக்கத்தில் சூப்பர் நிண்டெண்டோவின் வெற்று முக்கோணங்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நிண்டெண்டோவிடமும் அடுத்த கருவி தயாராகிக்கொண்டிருந்தது. பிற்பாடு நிண்டெண்டோ 64 என்று பெயர் பெற்ற அதை 1995 இறுதிக்குள் கொண்டுவருவதாகத்தான் முதல் திட்டம்.

ஆட்டம் நின்றதற்குக் காரணமாகப் பல விளக்கங்கள் சொல்லப்படுவதுண்டு. அவற்றில் ஒன்று சில்லின் விலை. ஸ்டார் ஃபாக்ஸ் 2க்கு 'சூப்பர் எஃப்எக்ஸ் 2' என்ற இரட்டிப்பு வேகச் சில்லு தேவைப்பட்டது. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் அது ஒரு கூடுதல் செலவு. உண்மைதான். ஆனால் இந்த விளக்கம் தனியாக நிற்காது. 1995 ஆகஸ்டில் நிண்டெண்டோ வெளியிட்ட 'யோஷிஸ் ஐலண்ட்' ஆட்டத்திலும் அதே சில்லு இருந்தது. அதே ஆண்டு சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த 'டூம்' ஆட்டத்திலும் அதே சில்லுதான். விலைதான் தடை என்றால் யோஷியும் வந்திருக்கக் கூடாது.

யோஷிக்கும் நரிக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. யோஷிஸ் ஐலண்ட் தட்டையான ஆட்டம்; வண்ண மெழுகுக்கோலால் குழந்தை வரைந்ததுபோன்ற அழகு அதற்கு. அதை எந்த முப்பரிமாணக் கருவியோடும் ஒப்பிட யாருக்கும் தோன்றாது. 1994 நவம்பரில் வந்து விற்பனையில் வெளுத்துவாங்கிய 'டாங்கி காங் கண்ட்ரி'யும் அப்படித்தான். பெரிய கணினிகளில் முன்கூட்டியே வரைந்த உருவங்களைத் தட்டைப் படங்களாக மாற்றிப் பதித்த ஆட்டம் அது. பழைய கருவியை அதன் சொந்த மண்ணில் நிறுத்தி வெற்றி பெற்றது. ஸ்டார் ஃபாக்ஸ் 2 மட்டும் எதிரியின் மண்ணில் நிற்க வேண்டிய ஆட்டம். முப்பரிமாணம் என்றால் என்ன என்பதை பிளேஸ்டேஷன் மறுவரையறை செய்துகொண்டிருந்த ஆண்டில், அதே சொல்லோடு கடைக்கு வர வேண்டியிருந்த ஆட்டம்.

கத்பர்ட் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்ன காரணமும் இதோடு பொருந்துகிறது. ஆட்டம் முழுமையாக முடிந்திருந்தது என்றார். சூப்பர் நிண்டெண்டோவின் முப்பரிமாணத்துக்கும் புதிய கருவியின் முப்பரிமாணத்துக்கும் நடுவே தெளிவான ஒரு கோடு விழ வேண்டும் என்று மியாமோட்டோ நினைத்தார். அதனால் வெளியீடு நின்றது என்றார். புதிய கருவி வரப்போகும் நேரத்தில் பழைய கருவியின் மங்கலான முப்பரிமாணம் மக்கள் மனத்தில் நிண்டெண்டோவின் அடையாளமாகப் பதிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அது. வணிகமாகப் பார்த்தால் பிழை சொல்ல முடியாத கணக்கு.

கணக்கு பிழைத்தது காலண்டரில். 1995 இறுதி என்று சொன்ன நிண்டெண்டோ 64, ஜப்பானில் 1996 ஜூன் 23 அன்றுதான் வந்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு செப்டம்பரில். எந்த விடியலுக்காக விளக்கை அணைத்தார்களோ, அந்த விடியல் பல மாதங்கள் தள்ளிப்போயிற்று. ஆட்டத்தை வெளியிட்டிருந்தால் புதிய கருவி வருவதற்கு முன் ஒன்றரை ஆண்டு இடைவெளி கிடைத்திருக்கும் என்று கத்பர்ட் சொன்னதுண்டு. நடந்து முடிந்த பிறகு பார்க்கும் கண் எப்போதும் தெளிவானது என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். தன் உழைப்பைப் பறிகொடுத்தவர் இவ்வளவு நிதானமாகப் பேசுவது எளிதல்ல.

ஆட்டம் நின்றாலும் அதன் உறுப்புகள் வேறு உடல்களில் வாழ்ந்தன. 1997 ஏப்ரலில் நிண்டெண்டோ 64க்கு 'ஸ்டார் ஃபாக்ஸ் 64' வந்தது. எல்லாப் பக்கமும் திரும்பிப் பறக்கும் சண்டைகள் அதில் இருந்தன. ஓநாய் அணி இருந்தது. அந்த ஆட்டத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு முதல் பாகத்திலிருந்தும், 30 விழுக்காடு வெளிவராத இரண்டாம் பாகத்திலிருந்தும், பத்தே விழுக்காடு புதியதுமாக வந்தன என்பது மியாமோட்டோவின் மதிப்பீடு. கத்பர்ட் நிண்டெண்டோவை விட்டு சோனியில் சேர்ந்தார். 2001இல் கியோட்டோவிலேயே 'க்யூ-கேம்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 2006இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 'ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட்' ஆட்டத்தை உருவாக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கே வந்தது. அதில் மறுபடியும் அந்த வரைபடம், அந்த நேர நெருக்கடி. நடக்கும் கப்பல் 2016இல் 'ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோ'வில் திரும்பியது. மியுவுக்கும் ஃபேவுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கடைக்கு வந்த ஆட்டம் எதிலும் 2017 வரை அவர்களை விமானிகளாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

ஆனாலும் அவர்களின் பெயரை ரசிகர்கள் அறிந்திருந்தார்கள். 1990களின் இறுதியில் ஆட்டத்தின் தொடக்கநிலைப் பிரதி ஒன்று வெளியே கசிந்தது. 2000களின் தொடக்கத்தில், முடிவுக்கு மிக நெருங்கிய இன்னொரு பிரதியும் கசிந்தது. அதில் பிழைதிருத்தத்துக்கான எண்களும் குறிகளும் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. எழுத்துகள் ஜப்பானியத்தில் இருந்தன. ரசிகர்கள் அந்தக் குறிகளை நீக்கி, உரையாடலை ஆங்கிலத்துக்கு மாற்றி, பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டர் வழியாக ஆடினார்கள். சட்டப்படி இது அத்துமீறல்தான். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்ற பெயர் பழைய பத்திரிகைப் பக்கத்தோடு மறையாமல் இருந்ததற்கு அந்தக் கைகளே காரணம். ஓர் ஆட்டத்துக்கு ரசிகர் கூட்டம் இல்லாதிருந்தால், அதைத் தன் நினைவுப் பெட்டியின் கவர்ச்சியாக எந்த நிறுவனமும் வைக்காது.

2017இல் வந்தது கசிந்த பிரதி அல்ல. தரச் சோதனை முடிந்த இறுதிப் பிரதி. நிண்டெண்டோ அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது என்பது முக்கியமான செய்தி. ஆடிப் பார்த்தவர்களுக்கு இரண்டு உணர்வும் வந்தன. படம் தடுமாறுகிறது, தொலைவில் இருக்கும் எதிரி ஒரு புள்ளியா கப்பலா என்று கண் திணறுகிறது, சுதந்திரமாகப் பறக்க விடும் ஆட்டத்துக்கு அன்றைய கட்டுப்பாட்டுப் பொத்தான்கள் போதவில்லை. அதே நேரம், இந்தக் கருவியிலா இப்படி ஓர் ஆட்டம் என்ற வியப்பும் விடவில்லை. நேர்மையாகச் சொன்னால் இது குறையற்ற படைப்பு அல்ல. முதல் பாகத்தின் இறுக்கமான அழகு இதில் தளர்கிறது. ஆனால் 1995இல் பன்னிரண்டு வயதில் இதை ஆடியிருக்க வேண்டிய ஒருவரின் வியப்பை, 2017இல் யாராலும் திருப்பித் தர முடியவில்லை. பறிபோனது அந்த ஆண்டுதான். ஆட்டத்தைப் பூட்டி வைக்கலாம். அது பிறந்த தருணத்தைப் பூட்டி வைக்க முடியாது.

2020 ஜூலையில் நிண்டெண்டோவின் பழைய உட்கோப்புகள் பெருமளவில் கசிந்தபோது, ஸ்டார் ஃபாக்ஸ் 2இன் இன்னும் பழைய முன்மாதிரிகளும் அவற்றில் இருந்தன. ஒரு படைப்பு எந்தெந்த வழிகளில் யோசித்து, எவற்றைக் கைவிட்டு, எங்கே வந்து நின்றது என்பதற்கான சான்றுகள் அவை. ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் படிகளுக்கு இருக்கும் மதிப்பு இவற்றுக்கும் உண்டு. அவை திருட்டின் வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது என்பது வருத்தத்துக்குரியது.

இந்த வருத்தம் ஒரு தொடரோடு முடிவதில்லை. அமெரிக்காவில் இயங்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை. இது வெளியான ஆட்டங்களின் நிலை. வெளியாகாதவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகத் திறந்துவிடக் கேட்ட விலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. ஆகவே, முடிந்தும் முடங்கிய ஒரு படைப்பு பிழைப்பதும் அழிவதும் இன்றும் உரிமையாளரின் விருப்பத்தில் இருக்கிறது. நிண்டெண்டோ இந்த ஒன்றைக் காத்தது. 22 ஆண்டு தாமதமாகவேனும் கொடுத்தது. மற்ற நிறுவனங்களும் தங்கள் அலமாரிகளைத் திறந்து பார்க்க வேண்டும். எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

2019 டிசம்பரில் ஸ்டார் ஃபாக்ஸ் 2 நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் சந்தாச் சேவையிலும் சேர்ந்தது. இன்று அதை எளிதில் ஆடலாம். ஆனால் 2017இன் சின்னப் பெட்டியிலும் சரி, ஸ்விட்சிலும் சரி, ஓடுவது பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்தான். கார்ட்ரிட்ஜுக்குள் வைத்த ஒரு சில்லை நம்பி எழுதப்பட்ட அந்த ஆட்டத்துக்கு, நிண்டெண்டோ இதுவரை ஒரு கார்ட்ரிட்ஜ்கூட வெளியிட்டதில்லை.